மூன்று வருட மூச்சிரைப்பு

"மூணு மணிக்குள்ள அப்ரூவல் வரலேன்னா, நாளைக்கு ஆபரேஷன் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க சார்."

இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள். ஏதோ சினிமா டிக்கெட் தீர்ந்துபோன மாதிரி.

அந்தப் பேர் என் அக்காவுடையது. நாளை காலை ஏழு மணிக்கு அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

தள்ளிப்போடலாம் என்று நினைப்பது இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு வரி. அக்காவைச் சேர்த்த அன்று எமர்ஜென்சியில் எழுதிய கேஸ் ஷீட்டில், 'மூன்று வருடமாக மூச்சிரைப்பு' என்று இருக்கிறதாம். பாலிசி எடுத்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஆகவே, என் அக்கா நோயை மறைத்து பாலிசி எடுத்தவளாம்.

மறைத்தாளாம்! ஓடுகிற பஸ்ஸில் எட்டு மணி நேரம் நின்று டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் அவள். படிக்கட்டில் நிற்பவர்களை உள்ளே வரச்சொல்லி அவள் போடுகிற சத்தம் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் சேர்த்துக் கேட்கும். போன மாதம் வரை அவளுக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

எட்டு நாளாக நாயாய் அலைகிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். இங்கே நான் மாட்டிக்கொண்டேன், எடுக்கத்தான் ஆளில்லை.

போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல். ஒவ்வொரு குரலுக்கும் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். எல்லோரும் என் சிரமத்துக்கு வருந்தினார்கள். வருந்துவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

மூன்று வருடத்துச் சிகிச்சைச் சீட்டுகளை அனுப்பச் சொன்னார்கள். இல்லாத நோய்க்கு ஏது சீட்டு என்று கேட்டேன். அப்படியானால், சீட்டு எதுவும் இல்லை என்று அப்போது பார்த்த டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்றார்கள்.

எந்த டாக்டர்? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. அந்த வரியை எழுதிய டூட்டி டாக்டரே அது தப்பு என்று கடிதம் கொடுக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் பரீட்சை லீவில் போயிருந்தார். இன்றைக்குத்தான் வந்தார்.

இரண்டேகாலுக்கு அவரை எமர்ஜென்சி வாசலில் மடக்கினேன். எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அக்கா, பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

எட்டு நாள் கோபத்தையும் அவர் தலையில் கொட்டினேன். யாரைக் கேட்டு எழுதினீர்கள், நோயாளி சொல்வதைக் காதில் வாங்குவீர்களா, இல்லை வாய்க்கு வந்ததைக் கிறுக்குவீர்களா, உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

'மூன்று வருடமாக மூச்சிரைப்பு.' அதற்குக் கீழே, 'தகவல் சொன்னவர்: தம்பி.'

அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

அன்றைய பதற்றத்தில் சொன்னதும் கையெழுத்துப் போட்டதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஏழு பேர். எங்கள் முறை வந்ததும் அக்கா, நேற்றிலிருந்துதான் இப்படி, வாயுவாக இருக்கும் என்று சொன்னாள். அவரும் தலையாட்டிக்கொண்டே மாத்திரை எழுத ஆரம்பித்தார். பெரிதாகச் சொன்னால்தான் பார்ப்பார்கள் என்று என் வாய் முந்திக்கொண்டது. ஒரு வருடம் என்று ஆரம்பித்து, அவர் நிமிர்ந்து பார்க்காததால் மூன்றாக்கினேன். மூன்று என்றதும்தான் அவர் எழுதுவதை நிறுத்தி, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

அந்தப் பொய்யைச் சொல்லியிருக்காவிட்டால் அக்கா அன்று சாயங்காலமே வாயு மாத்திரையோடு பஸ் ஏறியிருப்பாள். எத்தனை நாளைக்கோ தெரியாது.

பொய் சொன்னால்தான் வைத்தியம் பார்ப்பார்கள். பொய் சொன்னதால் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள். என்ன கேவலமான ஏற்பாடு இது! இதற்காக இனி யாரிடம் போய்க் கத்துவது?

நீங்கள் சொன்னது பொய் என்று முதலில் நீங்கள் எழுதிக் கொடுங்கள், அதை வைத்து நான் கடிதம் தருகிறேன் என்றார் டாக்டர். பேனாவையும் அவரே கொடுத்தார். மணி இரண்டரை.

சுவரில் காகிதத்தை வைத்து எழுதினேன். அப்போதுதான் உறைத்தது. அன்று நான் சொன்னபோது அக்கா அங்கேயே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். எட்டு நாளும் நான் ஊரையே திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று திரும்பாமலே கேட்டேன்.

பின்னால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீ சண்டை போடுறதை நிறுத்தியிருப்படா."