உள்ளங்கை மறைத்த வரிகள்

முதல் பக்கத்தை நூலகர் ஜெர்மனில் வாசித்து முடித்தார்.

இனி அவள் முறை.

புத்தகத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பாயில் பிள்ளைகள். பின்னால் நாற்காலிகளில் பெற்றோர். முன்வரிசையில், காலை மடக்கி உட்கார்ந்து, அவள் மகள் ஸஹ்லா.

நகர நூலகத்தில் தாய்மொழி வாசிப்பு நாள். போன மாதம் அரபி. இன்று தமிழ்.

பக்கத்துக்குப் பக்கம் ஜெர்மனிலும் வாசிப்பார்கள் என்பது இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் பக்கத்தில் பனி மட்டும்தான். பனி என்று சொன்னாள். எல்லோரும் சிரித்த முகமாகக் கேட்டார்கள்.

இந்தப் புத்தகத்தை அவள் கையில் முதலில் கொடுத்ததும் இதே நூலகர்தான். அட்டையில், குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி. முக்காடு போட்ட அம்மா. இது உங்கள் கதை என்று சொல்லிக் கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார்.

அப்போது அவளுக்கு இந்த மொழியில் ஒரு வாக்கியம்கூட விளங்காது. படங்களைப் பார்த்துத் தானே ஒரு கதை கட்டினாள். மேலப்பாளையத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவள். கதையும் அப்படித்தான் வந்தது.

அவள் கதையில் அந்த அம்மா ஓர் ஆராய்ச்சியாளர்.

ஜன்னல் கண்ணாடியில் கை வைத்து நிற்பது, வீட்டுச் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்க.

ரொட்டிக் கடையில் வாய் திறக்காமல் நிற்பது, மகளுக்கு வைத்த பரீட்சை.

பேருந்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது, கையுறையில் விழுந்த பனித்துகள் உருகுவதற்குள் அதன் முனைகளைப் பார்த்துவிட.

குளிர்காலம் முழுக்க ஸஹ்லாவுக்கு அந்தக் கதைதான் வேண்டியிருந்தது. பெரியவளாகி யாராக வேண்டும் என்று பள்ளியில் கேட்டதற்கு, அந்த அம்மாவாக என்று சொன்னாளாம்.

பனி உருகியதும் இவள் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள்.

ஏதோ ஒரு நாள், யாரையும் கேட்காமலேயே, புத்தகத்தின் வரிகள் விளங்கிவிட்டன.

அதன் பிறகு கதை சொல்லும்போதெல்லாம் எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஸஹ்லா அதற்குள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

நூலகத்தில் வாசிக்க அழைத்தபோது, தன் கதை வேறு என்பதைக் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் சிரித்தான். அங்க யாருக்குத் தமிழ் வெளங்கப் போவுது, நீ பாட்டுக்கு அடிச்சு விடு என்றான்.

இரண்டாம் பக்கம். ஜன்னல்.

அம்மா அழுகிறாள், வெளியே போக அவளுக்குப் பயம் என்று நூலகர் வாசித்தார்.

அவள் கண்ணாடியையும் சூட்டையும் பற்றிச் சொன்னாள். சற்று வேகமாகச் சொன்னாள்.

ஸஹ்லாவின் நெற்றி சுருங்கியது. நூலகரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள்.

மூன்றாம் பக்கம். ரொட்டிக் கடை.

நூலகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். என் அம்மாவுக்குப் பேசத் தெரியாது. அவளுக்காக நான் பேசுவேன்.

நாற்காலிகளில் இரண்டு மூன்று பேர் இவளைப் பரிவாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். டாக்டர் வீட்டில், பள்ளி வாசலில், காய்கறிக் கடையில்.

அவள் பரீட்சையைப் பற்றித் தொடங்கினாள்.

ஸஹ்லா எழுந்து நின்றாள்.

"உம்மா, அப்படிப் போடலையே."

காதில் விழாததுபோல் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

"அந்த உம்மாக்குப் பேசத் தெரியாதுன்னுதான் போட்டிருக்கு. நீங்க ஏன் மாத்திச் சொல்றீங்க?"

குழந்தை என்ன சொல்கிறாள் என்று நூலகர் மெல்லக் கேட்டார்.

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. ஜெர்மனிலேயே இருந்தது. இது நான் என் மகளுக்காகக் கட்டிய வேறு கதை. வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஸஹ்லா திரும்பி நின்று ஜெர்மனில் சொல்லிவிட்டாள். தெளிவாக, எங்கும் தடுமாறாமல். என் அம்மாவுக்குப் புத்தகம் விளங்கவில்லை. அதனால் தப்பாகச் சொல்லிவிட்டாள்.

அறை முழுவதும் ஒரு மெல்லிய 'ஓ' பரவியது.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ஸஹ்லா நாற்காலியருகே வந்தாள். உம்மாவின் கையை எடுத்துத் தள்ளி வைத்தாள். வரியின் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். யாரோ செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

மகளின் முகத்தைப் பார்த்தாள்.

குறும்பு இல்லை. கோபம்கூட இல்லை.

நாற்காலிகளில் இருந்த அதே பரிவு.

அவள் வாசித்தாள்.

என் உம்மாவுக்குப் பேசத் தெரியாது.

அறையில் வேறு யாருக்கும் அது விளங்கவில்லை. ஸஹ்லா மட்டும் தலையாட்டினாள்.

எவ்வளவு அழகான மொழி என்று பின்வரிசையில் ஒரு பெண்மணி மனமுருகிச் சொன்னார்.

ஸஹ்லா எட்டி, அதை உம்மாவின் காதில் தமிழாக்கிச் சொன்னாள்.

அப்படியா, என்று அவள் கேட்டுக்கொண்டாள்.