சீமை பாலிஷ்

மறுபடியும் மீன் நாத்தம்.

கஸ்பார் பல் விளக்கிய கையோடு வாசலுக்கு வந்து, தன் மோரிஸ் மைனர் காரின் பானெட்டில் மூக்கை வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. போதாக்குறைக்கு நாலு பூனைகள் வேறு, பந்திக்கு வந்த மாதிரி வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

"ஐரீன், இங்க வந்து மோந்து பாரு. இது அவ வேலதான்."

அவள் என்றால் கோவிந்தம்மா. வாசலில் நிற்கும் மாமரத்தின் நிழலில் கூடை வைத்து மீன் விற்பவள். வண்டி நிற்பதும் அதே நிழலில்தான். மீன் கூடையை வண்டி மேல் இறக்கி வைத்துவிட்டு அவள் ஒய்யாரமாக வெற்றிலை போடுகிறாள் என்பது கஸ்பாரின் தீர்ப்பு. சாட்சி யாரும் இல்லை, பூனைகளைத் தவிர.

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டின காசில் வாங்கிய பழைய வண்டி. எழுபதாம் வருஷத்து ராயபுரத்தில், அந்தத் தெருவுக்கே அது ஒரே கார். வருகிற சனிக்கிழமை மகள் ஃப்ளோரா அதில் ஏறித்தான் மாதா கோயிலுக்குக் கல்யாணத்துக்குப் போகிறாள். வாடகை வண்டி பேசலாமே என்று வாய் தவறிச் சொன்ன மனைவி ஐரீனோடு மனுஷன் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது மணப்பெண் கருவாட்டு வாடையோடு போய் இறங்கினால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?

இந்த மரத்தால் வந்த பேஜாரு ஒன்றா இரண்டா. போன மாசம் வரைக்கும் பிசின். காய் ஒன்று காய்க்காத மரம், பிசினை மட்டும் வஞ்சனையில்லாமல் வடிக்கும். வண்டி மேல் சொட்டி, காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும். ஒருநாள் பொறுமை போய் சவர பிளேடால் சுரண்டினார். பிசினோடு பெயிண்டும் உரிந்து வந்தது. அன்றைக்கே கிளையை வெட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கோவிந்தம்மா ஓடிவந்து அழுதாள். கிளை போனால் நிழல் போச்சு, பத்து மணி வெயிலுக்கே மீன் கெட்டுப்போகும், அப்புறம் தன் பொழைப்பு என்னாவது என்று கெஞ்சினாள். நானே துடைத்துத் தருகிறேன் என்று வண்டிப் பக்கம் வந்தவளை, மீன்காரி கை என் வண்டி மேல் படக்கூடாது என்று விரட்டினார். இனி ஒரு சொட்டுப் பிசினைப் பார்த்தால் கிளை இருக்காது என்று சொல்லித்தான் ஆளைத் திருப்பி அனுப்பினார்.

அந்த வாரமே கப்பல்காரன் ஒருவனிடமிருந்து சீமை பாலிஷ் டப்பா கிடைத்தது. சாயங்காலம் பூசினார். காலையில் ஒரு சொட்டுப் பிசின் இல்லை. மறுநாளும் இல்லை. அவ்வளவுதான், துறைமுகத்தில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி அந்த பாலிஷின் புராணம் பாடினார். கிளையும் தப்பித்தது.

இப்போது இந்த நாத்தம். இன்றோடு சரி, கையும் களவுமாகப் பிடித்து, கிளையையும் வெட்டி, அவளையும் கிளப்பிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகிற வழியில் கோவிந்தம்மா வந்தாள். காலிக் கூடையைத் தரையில்தான் வைத்தாள். அதிலிருந்து ஒரு புட்டியும் கந்தல் துணியும் எடுத்தாள். பானெட்டைத் தடவித் தடவிப் பிசினைக் கண்டுபிடித்து, எண்ணெய் விட்டு ஊற வைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி மெல்லத் துடைத்தாள்.

கஸ்பார் வெளியே வந்தார். அவள் புட்டியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"இன்னா அது?"

"சுறா எண்ணெ நைனா. படகுக்குக் குங்கிலியப் பிசின் பூசறப்போ கைல ஒட்டிக்கும். எங்காளுங்க இத்தப் போட்டுத்தான் எடுப்பாங்க. கீறல் வுழாது."

"தெனமும் நீதான் தொடச்சிகினு கீறியா?"

"ஒரு மாசமா. உன் பாலிஷ்ல பளபளப்பு வருது நைனா, பிசின் போவல." தலையைக் குனிந்துகொண்டாள். "வாடை அடிக்குது, தெரியும். சோப்பு போட்டுக் கழுவலாம்னா தண்ணி சத்தத்துல நீ முழிச்சிக்குவ. மீன்காரி கை பட்டுடுச்சின்னு கத்துவ. இன்னா வேணா திட்டிக்கோ, கெளய மட்டும் வெட்டாத."

கஸ்பாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"நல்லா சத்தமா கழுவு," என்றார்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் வண்டியைத் துடைத்தார்கள். எத்தனை சோப்பு போட்டும் லேசாக ஒரு வாடை மிச்சமிருந்தது.

கோயில் வாசலில் ஃப்ளோரா இறங்கினாள். சம்பந்தி வண்டியைச் சுற்றி வந்து, கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று தடவிப் பார்த்து மெச்சினார். அப்புறம் விரலை மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா கஸ்பாரு, ஒரு மாதிரி வாடை வருது?"

புதுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்திருந்த கோவிந்தம்மா, சட்டென்று ஐரீனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கஸ்பார் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"ஒசத்தியான பாலிஷ் சம்பந்தி. கப்பல்காரன்கிட்டகூட கெடைக்காது. நம்ம கோவிந்தம்மா கை பட்டாத்தான் இந்தப் பளபளப்பு வரும்."