வலது கை வெயில்

லாரி கவிழ்ந்ததிலிருந்து டிரைவர் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சை அறைக்கு ஜன்னல் கிடையாது. அவர் ரத்தத்தில் புரதம் நாளுக்கு நாள் இறங்கியது. பலத்த அடிபட்டால் அப்படித்தான் என்றார் டாக்டர். வைட்டமின் டி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"இதுவும் இறங்கணுமேம்மா. வெயில்ல கெடக்கறவங்களுக்குத்தான் இப்படி ஏறும்," என்றார், கண்ணைக் கசக்கியபடி.

மனைவி ஈரத்துணியைப் பிழிந்தாள். தினமும் உடம்பு துடைத்துவிடுபவள் அவள்தான். லாரி ஓட்டும்போது ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. தொட்டால் சுட்டது.

ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போயிற்று. அவர் காதருகே குனிந்தாள்.

"லோடு கெடந்தா கெடக்குது. வண்டிய வீட்டுப் பக்கம் திருப்புங்க."

மறுநாள் துடைத்தபோது வலது கை ஆறியிருந்தது. வெயில் இடது கைக்கு மாறியிருந்தது.