காணாமல் போன எஃகுக் குண்டு

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் கிருபாகரன், பழைய ஸ்போர்ட்ஸ் கார் பித்தர்களுக்கு தன் வீட்டு வாசலில் கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டும் பயிற்சி வைத்தார். ஒரே ஒரு ஞாயிறு என்றுதான் பேச்சு. ஒன்பது பேர் வந்தார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டேன், ஏற்கெனவே காய்ந்த துணியை. சாயங்காலம் பூட்டும்போது, சைக்கிள் பால்ரஸ் அளவில் ஓர் எஃகுக் குண்டைக் காணோம். அது இல்லாவிட்டால் போட்ட கியர் நிற்காதாம். ஒன்பது பேரும் தரையில் தவழ்ந்தார்கள். "அடுத்த ஞாயிறு தேடிக்கலாம், டிபன் இங்கயே" என்றார் கிருபாகரன். அவர் அந்தக் குண்டைச் சட்டைப் பையில் போட்டதை மாடியிலிருந்து நான் பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிறும் தேடினார்கள். மூன்றாவது ஞாயிறு ஒருவர் புதுக் குண்டே வாங்கிவந்துவிட்டார். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல சார்." கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் சுழன்றது. கைதட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பது நாற்காலிகளும் இரண்டு நாள் வாசலிலேயே கிடந்தன.

மூன்றாம் நாள் காலையில் மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"ஏம்மா, உங்க வீட்டு கிரைண்டர்ல ஏதாவது சத்தம் வருதா?"

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கிரைண்டர்.

"லேசா வருது சார்" என்றேன்.

"கழட்டிப் பார்த்துடலாம்" என்றார். அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.