பெண் பார்க்க வந்த கால்

“அத்தே, அந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் மட்டும் குண்டா இருக்கு?”

அடுப்படிக்குள் ஓடி வந்து கேட்டாள் அண்ணன் மகள் பொன்னுமணி. காப்பி ஆற்றிக்கொண்டிருந்த முத்துப்பேச்சியின் கை நின்றது.

கூடத்தில் ஒரே சிரிப்பு.

“அட்டை கடிச்ச கால், தாயி. ஏலத்தோட்டத்துல அதுக்கா பஞ்சம்?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாள். “மலைக்காய்ச்சல்ல ஒரு மாசமாப் படுத்துக் கிடந்தவன், எந்திரிச்சதும் இந்தப் பொண்ணைத்தான் பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்!”

“அதான் கால் வீங்கிருச்சாக்கும்!” என்றான் முத்துப்பேச்சியின் அண்ணன் வீரையா.

மாப்பிள்ளை சோலையும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலானது. வாசல்படி ஏறியதற்கே அவனுக்கு இரைத்தது.

“பொண்ணைப் பார்க்குறதுக்கு முன்னயே மாப்ளைக்கு மூச்சு வாங்குது! காலை நீட்டுங்க, விளக்கெண்ணெய் போட்டு நீவி விடுறேன்.”

“அண்ணே, தொடாதே!”

முத்துப்பேச்சி கூடத்துக்கே வந்துவிட்டாள். கூப்பிடாமல் வந்த பெண்ணைச் சுருளியம்மாள் வாய் பிளந்து பார்த்தாள்.

“இரைப்பு எப்ப வந்துச்சு?” முத்துப்பேச்சி சோலையிடமே கேட்டாள்.

“காலையில. திடுதிப்புனு.”

“மூச்சை இழுத்தா நெஞ்சு குத்துதா?”

தலையாட்டியவன், கசக்கி வைத்திருந்த கைக்குட்டையை விரித்தான். சளியில் ரத்தம். “வெத்தலைச் சாறுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“கால்ல கட்டுன ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்கு. நீவினா இன்னும் ஏறும். நடக்க விடாம, நீங்க வந்த ஜீப்புலயே தூக்கி வைங்க, வெரசா!”

“ஒனக்கெப்படித் தெரியும்?” என்றாள் சுருளியம்மாள்.

சொல்லாதே என்று வீரையா கண்ணால் கெஞ்சினான். முத்துப்பேச்சி மனசுக்குள் முருகனைக் கும்பிட்டுக்கொண்டாள்.

“என் புருஷன் இப்படித்தான் செத்தாரு. தெரியாம நீவி விட்டோம். அப்புறந்தான் டாக்டர் சொன்னாரு.”

“ஏற்கெனவே வாக்கப்பட்டவளா? மறைச்சிட்டீகளே!”

சம்பந்தப் பேச்சு அங்கேயே முறிந்தது. ஆனால் ஜீப்பு கிளம்பிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டு ஆளைப் பிழைக்க வைத்தார்கள்.

அந்த வருஷம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த போடி ரயிலில் முத்துப்பேச்சி ஒருநாள் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சுருளியம்மாள் காப்பி வாங்கப் போயிருந்தாள். சோலை நல்ல தூக்கம். துவைத்து மடித்த பழைய துண்டு ஒன்றை அவன்மேல் மெல்லப் போர்த்திவிட்டு, முத்துப்பேச்சி வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள்.

மலையிலிருந்து அவள் புருஷனின் உடலை இறக்கிய அன்று, கொட்டும் மழையில் டோலி சுமந்து வந்த சோலை, தன் தலையிலிருந்து அவிழ்த்து அவள் தலையில் போட்ட துண்டு அது.