புள்ளடிக்கு மேலே

எண்ணிக்கொண்டு போன அவன் கை அந்த வாக்குச்சீட்டில் நின்றுவிட்டது.

கீழே, விட்கம் என்ற பெயருக்கு நேரே, வாக்கைக் காட்டும் பெருக்கல் குறியாய் ஒரு புள்ளடி. அழுத்தமான, நேரான புள்ளடி.

மேலே, முதற் பெயரான பெல்லமியின் கட்டத்துக்குள், பென்சிலால் ஒரு சுழி. அதன் அடியில் இரண்டு கோடு.

பிள்ளையார் சுழி.

இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் தமிழ் வீடு ஒன்றுதான். அது அவனுடைய வீடு.

அவன் மனைவி பாமதி சுழி போடாமல் எதையும் எழுதத் தொடங்கமாட்டாள். கடைக்குக் கொடுத்துவிடும் துண்டில்கூட முதலில் பிள்ளையார், பிறகுதான் பாலும் பாணும். பிள்ளையாருக்கும் ஒரு பாண் சேர்த்து வாங்கட்டுமா என்று அவன் எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறான்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாக்களித்ததே இல்லை. யார் வென்றாலும் என் வீட்டுக் கோப்பையை நான்தானே கழுவவேண்டும் என்பாள்.

இந்த இடைத்தேர்தலுக்குப் போனாள்.

நிமலனுக்காகப் போனாள்.

நிமலன் அவர்களுடைய ஒரே பிள்ளை. வளர்ந்த ஆண். பேச்சு வராது. காலையில் நகரசபையின் பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் போவான். அங்கே அவனுக்கென்று ஒரு தக்காளிச் செடி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது சிரிப்பான். வேறெங்கும் அவன் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

நகரசபையில் இரு கட்சியும் சமபலம். காலியான இந்த ஒரு இடத்துக்குத் திருமதி விட்கம் வந்தால் நிலையம் தப்பும். பெல்லமி வந்தால் பூட்டிவிடுவார்கள். பெல்லமி அதை ஒளிக்கவும் இல்லை. வீட்டு வாசலில் நின்று மிகவும் பணிவாகச் சொல்லிவிட்டு, மறக்காமல் கேற்றையும் சாத்திவிட்டுப் போனார்.

வாக்கு வீண்போகக்கூடாது என்றுதான் அவள் சுழி போட்டிருப்பாள்.

பிள்ளையாருக்கு இங்கிலாந்துத் தேர்தல் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மற்ற நாட்களில் அவன் நகரசபையில் தபால் பிரிப்பவன். இன்று வாக்கு எண்ணுபவன். மேற்பார்வையாளர் பின்னாலேயே நின்றார். அவன் சீட்டைச் சந்தேகச் சீட்டுகளோடு வைத்தான். வேறு வழியில்லை.

தேர்தல் அதிகாரி அதைக் கையில் எடுத்தார். இரு தரப்பு முகவர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

புள்ளடி தெளிவாக இருக்கிறது என்றார் ஒருவர்.

பெல்லமியின் கட்டத்திலும் குறி இருக்கிறதே என்றார் மற்றவர்.

யாரும் குரலை உயர்த்தவில்லை.

அதிகாரி மேசையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அவனிடம் வந்து நின்றது.

"இது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லலாம். இது எங்கள் ஆட்கள் எழுதத் தொடங்குமுன் போடுவது, பெல்லமிக்குப் போட்ட வாக்கு அல்ல என்று சொல்லலாம்.

சொன்னால் அது யாருடைய சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் சீட்டு செல்லாது. காலையில் எண்ணுபவர்களிடம் இரகசியம் காப்போம் என்று கையெழுத்து வாங்குமுன் அதையும் வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

சொல்லாவிட்டால், இரண்டு கட்டத்தில் குறி. அதுவும் செல்லாது.

"தெரியாது."

சொன்ன வாயை அவனுக்கே பிடிக்கவில்லை.

சீட்டில் செல்லாது என்று முத்திரை விழுந்தது.

எண்ணி முடித்தார்கள். திரும்பவும் எண்ணினார்கள். பிறகு இன்னொரு முறையும்.

விட்கமுக்கும் பெல்லமிக்கும் சரிசமம்.

அந்த ஒரு சீட்டு செல்லுபடியாகியிருந்தால் விட்கம் ஒரு வாக்கால் வென்றிருப்பார்.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பதுதான் இங்கே சட்டம். ஊரில் கோயிலில் சாமி முன்னால் செய்தால் திருவுளச்சீட்டு. இங்கே ஒரு பெட்டி, மடித்த இரண்டு தாள், தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓர் அதிகாரி.

அவன் மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டான்.

பிள்ளையாரே, உன்னால் வந்தது, நீயே சரிப்படுத்து.

வெட்கமில்லாமல் கெஞ்சினான்.

அதிகாரி ஒரு தாளை எடுத்து விரித்தார்.

பெல்லமி.

எல்லோரும் கை தட்டினார்கள். திருமதி விட்கமும் தட்டினார்.

அவன் வீட்டுக்கு வந்தபோது பாமதிக்குச் செய்தி தெரிந்திருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. நிலையத்திலிருந்து வந்த நிமலன் சப்பாத்தும் கழற்றாமல் யன்னலோரம் இருந்தான்.

"ஒரு வோட்டால தோத்திருந்தா என்னால தாங்கேலாதப்பா. குலுக்கின சீட்டிலதானே தோத்தது. என்ர வோட்டையும் எண்ணினவைதானே?"

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"ஓம்."

அவள் மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏதோ கொஞ்சம் ஆறியதுபோல் இருந்தது. பிறகு மேசையில் கிடந்த கடித உறையின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனையை எடுத்தாள்.

முதலில் சுழி. அடியில் இரண்டு கோடு.

அதன் கீழே எழுதினாள்: பூச்சாடி, மண், தக்காளிக் கன்று.

அவன் கேலி செய்யவில்லை. நிமலனின் காலடியில் குந்தி, சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.