பக்கத்து சீட்

“உன் அக்காவுக்குப் புது எஞ்சினே போட்டுத் தர்றாங்களாம். கார் கம்பெனியில இருந்து போன் வந்துடுச்சாம்,” என்றான் கணவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

தங்கையின் கையிலிருந்த க்ரீம் பை அப்படியே நின்றது. கேக்கின் மேல் பாதி ரோஜா.

“நமக்கு?”

“பரிசீலனையில இருக்காம்.”

“அவளுக்கு மட்டும் பரிசீலனை முடிஞ்சிடுச்சாக்கும்!”

அக்காவும் தங்கையும் ஒரே நாளில், ஒரே ஷோரூமில் வாங்கிய கார்கள். ஒரே மாடல், ஒரே வெள்ளை. கடைசி வரை உழைக்கும் என்று கம்பெனி சத்தியம் செய்த, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின், இரண்டிலும் மூன்றாம் வருடமே அறுந்து எஞ்சினைத் தின்றுவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போய் நஷ்டஈடு கேட்டார்கள். பேசியது முழுக்க அக்கா.

“ஆயில் லைட் எரியறப்போ நிறுத்தாம ஓட்டியிருந்தா மட்டும் ஒண்ணும் கிடைக்காது. மத்தபடி பார்க்கலாம்,” என்று அதிகாரி அன்றைக்கே சொல்லியிருந்தார்.

அக்காவுக்குக் கார் ஒரு சௌகரியம். கேக் செய்து விற்கும் தங்கைக்கு அது பிழைப்பு. கார் படுத்ததிலிருந்து வாடகை வண்டியில் ஏறும் மூன்றடுக்குக் கேக், இரண்டடுக்காகத்தான் போய் இறங்குகிறது.

“அவளுக்கு எப்பவுமே அப்படித்தான்,” என்றாள். “பஸ்ல ஜன்னலோரம் அவளுக்கு. அம்மாவோட வளையல் அவளுக்கு. இப்ப எஞ்சினும் அவளுக்கு.”

“எஞ்சினைக் கையில மாட்டிக்க முடியாதும்மா.”

“சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.”

“அதுதானா? நான் அடுப்புல கேக் தீயுதுன்னு நினைச்சேன்.”

சாயங்காலம் அக்கா வந்தாள். தன் கார் தயாராகும் வரைக்கும் கம்பெனி கொடுத்திருந்த மாற்றுக் காரில். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“இந்தாடி சாவி. உன் கார் வர்ற வரைக்கும் இதுல கேக்கைக் கொண்டு போ.”

“ஓசிக் கார் எல்லாம் எனக்குப் பழக்கமில்லைக்கா.”

“வறட்டு ஜம்பம்டி உனக்கு.”

கிண்ணத்தில் மிஞ்சிய க்ரீமை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினாள். கார் சத்தமே இல்லாமல் தெருவை விட்டு வழுக்கிப் போயிற்று. அந்தச் சத்தமின்மைதான் தங்கைக்குத் தாங்கவில்லை.

மறுநாள், அவளிடம் கேக் வாங்கும் ஓட்டல்காரர் போன் செய்தார்.

“ரோஜா எல்லாம் பெட்டி மூடியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா. கல்யாணப் பொண்ணை மூடியையா வெட்டச் சொல்றது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

போனை வைத்தபோது ஜன்னலுக்கு வெளியே அந்தப் புதுக் கார் போனது. உள்ளேயிருந்து அக்கா கையசைத்தாள்.

தங்கை கையசைக்கவில்லை. கம்பெனியின் எண்ணை அழுத்தினாள்.

“நான் யாருன்னு கேட்காதீங்க. நீங்க புது எஞ்சின் தர்றீங்களே ஒரு அம்மாவுக்கு,” என்று அக்காவின் கார் நம்பரைச் சொன்னாள். “அவங்க ஆயில் லைட் எரிய எரிய ஓட்டினவங்க. ஒரு கல்யாணத்துக்குப் போறப்போ வழி முழுக்க எரிஞ்சது. நிறுத்தவே இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

“பக்கத்து சீட்ல நான்தானே இருந்தேன்.”

“அவங்க கார்தானா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“ஸ்டியரிங் அவங்க கையிலதானே இருந்தது! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

மனசு ஆறிவிடும் என்று நினைத்தாள். ஆறவில்லை. ஆனால் அன்றைக்குப் போட்ட ரோஜாக்கள் நன்றாக வந்தன.

இரண்டு நாள் கழித்து அக்கா நடந்து வந்தாள். வெயிலில் முகம் கன்றியிருந்தது.

“கார் எங்கேக்கா?”

“திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்கு எஞ்சின் கிடையாதுன்னுட்டாங்க.” தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “அதை விடு. உன்னுது கிடைச்சிடுச்சுடி! அடுத்த வாரம் கார் கைக்கு வந்துடும்.”

“என்னுதா?”

“யாரோ போன் பண்ணி, நான் ஆயில் லைட் எரிய எரிய ஓட்டினேன்னு சொல்லியிருக்காங்க. உண்மையான்னு என்னைக் கேட்டாங்க. ஆமாம், என் கார்லதான்னு ஒத்துக்கிட்டேன். ‘உங்க தங்கச்சியும் இப்படித்தானா’ன்னாங்க. ஐயையோ, அவ காரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கறவன்னு சொன்னேன். சரி, அப்போ அந்தக் கார்ல செயின்தான் கோளாறுன்னு உன்னுதை உடனே முடிச்சுக் கொடுத்துட்டாங்க.”

“நீ ஏன்க்கா ஒத்துக்கிட்டே? இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம். அப்புறம் எந்தக் கார்னு தோண்டுவாங்களே!” அக்கா தம்ளரை மேஜையில் வைத்தாள். “அந்தக் கல்யாணத்தன்னிக்கு என் காரை உன் அத்தான் எடுத்துட்டுப் போயிட்டார்டி. நாம போனது உன் கார்ல. தூக்கம் வருதுக்கா, நீ ஓட்டுன்னு சாவியைக் கொடுத்தே. லைட் எரியுதேன்னு கேட்டேன். அது தினமும் எரியும், நீ பேசாம ஓட்டுன்னே.”

தங்கையின் காதுக்குள், அன்றைக்குத் தன் காரின் பின் சீட்டில் வழி முழுக்கக் கடகடத்த கேக் தட்டுகள் இப்போது கடகடத்தன.

“போன் பண்ணினது... யாருன்னு சொன்னாங்களாக்கா?”

“பேர் சொல்லலையாம்.” அக்கா எழுந்து, தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த க்ரீமை முந்தானையால் துடைத்துவிட்டாள். “பக்கத்து சீட்ல இருந்தவங்கன்னு மட்டும் சொன்னாங்க.”